நீராவிக் காரின் வலப்பக்கம்

தஞ்சாவூர் கீழவாசலில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணத்துக்கெல்லாம் இப்போது டிரோன் வைத்திருக்கிறவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சாவு வீட்டிலிருந்து வருகிறார்கள். கையில் ஏதாவது ஒரு குரூப் போட்டோ இருக்கும். காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம். பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கும் ஒருவரைக் காட்டி, "இவர மட்டும் தனியா எடுத்துக் குடுங்க சார், மாலை போடணும்" என்பார்கள். நான் முகத்தை வெட்டி எடுப்பேன். கண் மூடியிருந்தால் திறந்துவிடுவேன். ஆயுள் முழுக்கத் தோளில் துண்டோடு திரிந்தவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிடுவேன். பின்னால் கொஞ்சம் நீல வானம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படம் வீட்டுக்குப் போய்விடும்.

முகம் போன பிறகு மீதிப் படம் கம்ப்யூட்டரில் நிற்கும். நடுவில் ஓர் ஆள் அளவுக்கு ஓட்டை. அதை அழித்துவிட எனக்கு மனம் வந்ததில்லை. மத்தியானத்தில், கடைத்தெருவே சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில், அந்த ஓட்டைப் படங்களைத் திறந்து பார்ப்பேன். முகமே இல்லாத இடத்திலிருந்து யாரோ பார்ப்பது போலிருக்கும். சிரிக்காதீர்கள், தனியாக உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு மீதிப் படத்தில்தான் முதல் வண்டி கிடைத்தது. தாராசுரத்துக்காரர் ஒருவர் அவருடைய கொள்ளுத் தாத்தாவின் முகத்துக்காகக் கொண்டுவந்த படம். தாத்தாவை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பின்னால் ஒரு கார். குதிரை வண்டியின் உடம்பு, சைக்கிளுடையதைப் போல் மெல்லிய சக்கரம். முன்னால் ரேடியேட்டர் இல்லை. எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடியும் இல்லை. இது எப்படித்தான் ஓடியது என்று மண்டையைக் குடைந்துகொண்டு, இணையத்தில் தேடி, கடைசியில் வெளிநாட்டுக் குழு ஒன்றில் போய் விழுந்தேன். பழைய நீராவிக் கார்களை இன்னும் வைத்து ஓட்டுகிறவர்களின் குழு. என் படத்தைப் பார்த்த உடனே அவர்களில் ஒருவர் சொல்லிவிட்டார். ஸீட்டுக்கு அடியில் பாய்லர், அதற்கடியில் நெருப்பு, சோறு வடிக்கிற நேரத்துக்குக் காத்திருந்தால் ஆவி ஏறும், அப்புறம் சத்தமே இல்லாமல் கிளம்பும் என்றார்.

அந்தச் 'சத்தமே இல்லாமல்' என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்து மிராசுதார் வீடுகளில், ஜமீன் வீடுகளில் நின்ற நீராவிக் கார்களின் படங்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். எது என்ன வண்டி என்று சக்கரத்தை வைத்து, விளக்கை வைத்துக் கண்டுபிடிப்பேன். என் மனைவி, "எதிர்வீட்டு ஸ்கூட்டர் நம்ம வாசல்ல நின்னா யாருதுன்னு தெரியாது. நூறு வருஷத்துக்கு முந்தின காரு மட்டும் நல்லாத் தெரியும்" என்பாள். உண்மைதான். ஓடுகிற நீராவிக் காரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அடுப்படியில் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் மெல்லச் சீறுமே, அந்தச் சத்தத்துக்கு மட்டும் இப்போதும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

எனக்கு ஒரே எரிச்சல், மனிதர்கள். காரைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லி அதற்கு முன்னால் குடும்பமே வந்து நின்றுகொள்ளும். முக்கியமான குழாய் இருக்கும் இடத்தில் ஒரு பெரியப்பா குடையோடு நிற்பார். நகருங்களேன் என்று பல தடவை வாய்விட்டே திட்டியிருக்கிறேன். போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமானவர்களை.

போன வருஷம் சித்திரையில், பழைய கதவும் தூணும் வாங்கி விற்கிற ஒருவர் ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். திருக்காட்டுப்பள்ளி போகும் வழியில் இடித்துக்கொண்டிருந்த ஒரு மிராசுதார் வீட்டில் கிடைத்ததாம். கண்ணாடிக்குள் பூச்சி அரித்திருந்தாலும் படம் நன்றாக இருந்தது. ஆயுத பூஜை அன்று எடுத்தது. வீட்டு முகப்பில் கார் நம்மைப் பார்த்து நிற்கிறது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை மாலையாகப் போட்டு, கண்ட இடத்திலெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து வண்டியையே மூடிவிட்டிருந்தார்கள். உள்ளே மிராசுதார் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. வண்டிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் நிற்கிறார். அடியில் வெள்ளையாக ஆவி. பண்டிகைக்காக நெருப்பு மூட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னிடம் இருந்த மற்ற எல்லா வண்டியும் செத்த வண்டி. இது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

படத்தை என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். இரண்டு நாளில் ஒரு அம்மா கடைக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆகும் வயது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நின்றபடியே சொன்னார்.

"சார், அந்த வண்டிக்கு நெருப்புப் போட்டது எங்க தாத்தாங்க. அந்தப் பண்ணையிலதான் எங்க குடும்பமே இருந்துச்சு. இப்ப அதே வயல்ல கொஞ்சம் எங்க அப்பா பேர்ல இருக்கு."

"சரிம்மா, உக்காருங்க."

"எங்க அப்பா அவர் அம்மா வயித்துல இருக்கும்போதே தாத்தா காய்ச்சல்ல போயிட்டாரு. அப்பாவுக்கு இப்பத் தொண்ணூறாகப் போவுது. அவரு அவங்க அப்பாவ ஒரு தடவகூடப் பாத்ததில்ல. படமும் கெடையாது. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு வெறும் வெளக்க ஏத்தி வச்சு, அதுக்கு முன்னாடி வேட்டி துண்ட மடிச்சு வச்சுத்தான் கும்புடுறாரு. இந்தப் படத்துல ரெண்டு பேரு நிக்குறாங்கல்ல. அதுல யாரு எங்க தாத்தான்னு சொல்லுங்க சார். போறதுக்குள்ள ஒரு தடவ அந்த முகத்தப் பாத்துடணும்னு கெடக்குறாரு."

என்னிடம் முகம் வாங்க வந்தவர்கள் எல்லாரும் அந்த முகத்தைத் தெரிந்தவர்கள். தெரியாத முகத்தைக் கேட்டு வந்தது இவர் ஒருவர்தான்.

முகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வண்டியைப் பற்றித் தெரியும். அந்த வகை வண்டியில் பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய், ஓட்டுகிறவருக்கு வலது கைப் பக்கம் வெளியே இருக்கும். தண்ணீர் குறைந்தால் கையால் அடிக்கிற பம்பும் அங்கேதான். நெருப்பு எரியும்போது தண்ணீர் வற்றினால் பாய்லர் போயிற்று. அதனால் நெருப்பு போட்டவர் நிற்கும் இடம் அந்த வலப்பக்கமாகத்தான் இருக்க முடியும். முன்னாலிருந்து பார்க்கிற நமக்கு அது இடது பக்கம்.

படத்தில் நமக்கு இடது பக்கம் நின்றவர் முகம் பளிச்சென்று இருந்தது. நல்ல மீசை, அகன்ற நெற்றி, நேராக நம் கண்ணைப் பார்க்கிறார். வலது பக்கம் நின்றவருக்கோ முகமே இல்லை. அந்தக் காலத்துக் கேமரா படம் பிடித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் அசைந்தவர்கள் கலங்கிப் போவார்கள். அந்த மனிதர் தலையைத் திருப்பியிருக்கிறார். கழுத்துக்கு மேல் ஒரு சாம்பல் தீற்றல்தான் இருந்தது.

நான் அந்த அம்மாவிடம் மீசைக்காரரைக் காட்டினேன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பா, முகம் கெடச்சுடுச்சுப்பா" என்றார். வரப்போகிற ஆடி அமாவாசைக்குப் படத்தை மாட்டுவதாக ஏற்பாடு. பூச்சி அரித்த இடங்களைச் சரிசெய்து, பெரிதாக்கி, அந்த முகத்தோடு பல நாள் உட்கார்ந்திருந்தேன். சட்டை போடவில்லை. அவர் வெற்றுடம்பே கம்பீரமாக இருந்தது. வண்டியை மறைக்கிறார் என்ற கோபம்கூட எனக்கு வரவில்லை. என் வயதுக்கு அது பெரிய முன்னேற்றம்.

ஆனி கடைசியில் அந்த அம்மா ஃபிரேம் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், "பண்ணை வீட்டு ஆச்சி எங்க பாட்டிக்குப் பிரசவத்துக்குப் பழைய பொடவையெல்லாம் குடுத்தாங்களாம்" என்றார்.

"ஐயர் வீட்ல ஆச்சின்னா கூப்புடுவாங்க?" என்றேன், என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ள.

"ஐயரு வீடா? அவங்க சைவப் பிள்ளைமாருங்க சார்."

படத்தை மறுபடி திரையில் திறந்தேன். படத்தில் அந்த ஆச்சிக்கு முந்தானை வலது தோளில் கிடந்தது. தஞ்சாவூர்க்காரன் எவனும் வலது தோள் முந்தானையைப் பார்த்தால் ஐயர் வீட்டு மடிசார் என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. பிள்ளைமார் வீட்டுப் பெண் இடது தோளில்தான் போட்டிருப்பாள். மிராசுதார் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் பை வலது மார்பில் இருந்தது. எந்தத் தையல்காரரும் அங்கே பை வைக்க மாட்டார்.

படம் புரண்டிருக்கிறது. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டார்கள். இடது வலதாகவும் வலது இடதாகவும் ஆகியிருக்கிறது. காட்டிக்கொடுத்திருக்கக் கூடிய குழாயும் பம்பும் வாழைக்கன்றுக்குப் பின்னால் இருந்தன. நான் கம்ப்யூட்டரில் படத்தை நேராகத் திருப்பினேன். ஒரே தட்டு. மீசைக்காரர் அந்தப் பக்கம் போனார். அவர் நின்ற இடத்துக்கு, வண்டியின் வலப்பக்கத்துக்கு, முகமில்லாதவர் வந்து நின்றார்.

அவருடைய கையை அப்போதுதான் கவனித்தேன். தலை கலங்கியிருந்ததே தவிர கை அசையவில்லை. வாழை இலைக்குப் பின்னால் எதையோ இறுகப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள்கூடத் தெரிந்தன. சும்மா சாய்ந்து நிற்கிறார் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். பம்பின் கைப்பிடி அந்த இடத்தில்தான் இருக்கும். நெருப்பு எரிகிறது, குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்கத் தலையைத் திருப்பியிருக்கிறார். ஒரு வேலையும் இல்லாததால் மற்றவர் அசையாமல் நின்றிருக்கிறார்.

அந்த அம்மாவிடம் அங்கேயே சொன்னேன். கணக்கு டீச்சர், ஒரு தடவை சொன்னதும் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்த முகத்தையே குடுத்துடுங்க சார்."

"எப்படிம்மா?"

"அப்பா தெனமும் கேக்குறாரு. மீச இருந்துச்சாமே, நெத்தி எப்படி, மூக்கு எப்படின்னு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்பப் போயி முகம் இல்லன்னு எந்த வாயால சொல்றது? உங்களுக்கும் எனக்கும்தான தெரியும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "வேற ஒருத்தரக் காட்டி இவர்தான் உங்க அப்பான்னு கும்புடச் சொல்றதா?" என்று கத்திவிட்டேன். அவரும் விடவில்லை. "நீங்க மட்டும் மூடுன கண்ணத் தெறந்து விடலையா? போடாத சட்டையப் போட்டு விடலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது இதற்கெல்லாம் ஏ.ஐ. இருக்கிறது. மறுநாள் மத்தியானம் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சாம்பல் தீற்றலைக் கொடுத்து முகம் கேட்டேன். நொடியில் கொடுத்தது. சிவப்பாக, எண்ணெய் தடவிய கன்னத்தோடு, சினிமாக்காரன் மாதிரி ஒருவன் சிரித்தான். மறுபடி கேட்டேன். வேறொருவன். மறுபடி, இன்னொருவன். ஒரே கழுத்தின் மேல் ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் யாரும் எங்கேயும் பிறந்ததில்லை. பயந்துவிட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முகம் கழுவப் போனால், வாஷ்பேசின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே தயக்கமாக இருந்தது.

ஆடி அமாவாசை அன்று காலையில் பஸ் ஏறினேன். பையில் இரண்டு ஃபிரேம். ஒன்று, நேராகத் திருப்பிய முழுப் படம். இன்னொன்று, மீசைக்காரர் முகம். எதைக் கொடுக்கப் போகிறேன் என்று வழி நெடுக எனக்கே தெரியாது. காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. படித்துறையில் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டம்.

மாடி வைத்த வீடு. கூடத்தில் வழக்கமான விளக்கு, அதற்கு முன்னால் மடித்த வேட்டி துண்டு. விளக்குக்கு மேலே சுவரில் புதிதாக ஓர் ஆணி. கீழே தலைவாழை இலை, வடை, பாயசம், எள்ளுருண்டை. பெரியவர் குளித்துத் திருநீறு பூசி நாற்காலியில் காத்திருந்தார். கண்புரை ஆபரேஷன் செய்த கண், நன்றாகவே தெரிகிறதாம்.

"வாங்க தம்பி," என்றார். "கொண்டாந்துட்டீங்களா?"

டீச்சர் சமையல்கட்டு வாசலில் நின்று என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த ஆணியைப் பார்த்தேன். பொய்யை மாட்டுவதற்கு என்று அதை யாரும் அடிக்கவில்லை. முழுப் படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். படம் புரண்டிருந்தது, நான் ஏமாந்தது, குழாய், பம்பு, நெருப்பு. அவர் விரலால் வண்டியின் வலப்பக்கத்தைத் தொட்டு, அந்தத் தீற்றலின் மேல் நிறுத்தினார்.

"இதான் எங்கப்பாவா?"

"ஆமாங்கய்யா."

"ஏன் இப்படிக் கலங்கியிருக்கு?"

"படம் புடிக்கிற நேரத்துல தலையத் திருப்பிட்டாருங்க. தண்ணி இருக்கான்னு பாக்க."

"எங்கேருந்து எங்க திருப்புனாரு?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தீற்றலின் இந்த முனையைக் காட்டினேன். அந்த முனையைக் காட்டினேன். அவர் படத்தை முகத்துக்கு அருகில் தூக்கி, மெல்லத் தன் தலையை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். திரும்பவும் ஒரு தடவை. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படத்தை மாட்டினோம். மாலை போட்டோம். குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் கொஞ்சம் திகைத்தார். மற்ற வீட்டுப் படங்களில் நெற்றி இருக்கும், கண்ணாடியின் மேல் பொட்டு வைப்பார்கள். இவர் சிமிழை வைத்துவிட்டு, திருநீற்றைக் குழைத்து, மூன்று விரலால் இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார்.

"இவ்வளவு தூரமும் எங்கப்பா நெத்திதான்," என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவர் பையில் துருத்திக்கொண்டிருந்த ஃபிரேமைக் காட்டி, "அதுல இன்னொன்னு இருக்குல்ல" என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். மீசைக்காரர் எல்லாரையும் நேராகப் பார்த்தார்.

"இவரு யாரு?"

"தெரியலங்கய்யா. இதுவரைக்கும் யாரும் கேட்டு வரல."

"இத்தன நாளா இவரத்தான் நெனச்சு நெனச்சுக் கும்புட்டேன்," என்றார் பெரியவர். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மாடி, இன்னொரு எல போடு."

டீச்சர் இலை கொண்டுவந்து போட்டார். வடையும் பாயசமும் வைத்தார். மீசைக்காரரைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்து, மாலையிலிருந்து கொஞ்சம் பூவைக் கிள்ளி வைத்தார்கள். பெரியவர் குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டினார்.

"நீங்க வைங்க தம்பி. எங்களுக்கு இவரு யாருன்னே தெரியாது. நீங்கதான் இத்தன நாளு கூடவே உக்காந்திருந்தீங்க."

எத்தனையோ முகங்களை வெட்டி எடுத்து வீடு வீடாக அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்கும் நான் பொட்டு வைத்ததில்லை. மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு, அந்த அகன்ற நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தேன். கொஞ்சம் கோணலாகிவிட்டது. பெரியவர் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார். பிறகு நாங்கள் மூவரும் அந்த இரண்டு பேருக்கும் விழுந்து கும்பிட்டோம்.